ஃபேன் சுத்துது, படம் வரல: கேமிங் கம்ப்யூட்டர் கட்டும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மே மாதம், கத்திரி வெயில் நேரம். திருநெல்வேலி பெருமாள்புரத்திலிருந்து ஒரு தம்பி போன் செய்தான். "அண்ணாச்சி, ஃபேன் எல்லாம் சுத்துது, லைட்டும் எரியுது, டிஸ்ப்ளே மட்டும் வரமாட்டேங்கு." கிராஃபிக்ஸ் கார்டு போய்விட்டது என்று அவனே முடிவு கட்டியிருந்தான். இரண்டு வருடம் காசு சேர்த்து வாங்கிய கார்டு அது. குரலே உடைந்திருந்தது.

"ஏல, மானிட்டர் வயர எங்க செருகிருக்க?" என்று கேட்டேன். மதர்போர்டில்தான் செருகியிருந்தான். அதைக் கழற்றிக் கார்டில் செருகியதும் படம் வந்துவிட்டது. அவனுடைய பிராசசர் ஐ5 12400எஃப். இன்டெலில் எஃப் என்று முடிந்தால் உள்ளே கிராஃபிக்ஸ் கிடையாது. போர்டில் உள்ள எச்டிஎம்ஐ துளை வேலை செய்யாது. ஏஎம்டியின் ரைசன் 5 5600-ம் அப்படித்தான். கார்டு வாங்கப் பணம் வரும்வரை ஓட்டலாம் என்று நினைப்பவர்கள் 5600ஜி போல உள்ளேயே கிராஃபிக்ஸ் இருப்பதைப் பார்த்து வாங்க வேண்டும்.

சந்தோஷமாக ஒரு கேமைத் திறந்தான். பத்தே நிமிடத்தில் கம்ப்யூட்டர் தானாக ரீஸ்டார்ட் ஆனது. கேபினெட்டோடு சேர்த்துக் கொடுத்த எஸ்எம்பிஎஸ், அதாவது பாகங்களுக்கெல்லாம் கரண்ட் கொடுக்கும் பவர் சப்ளை பெட்டிதான் காரணம். நம் ஊரில் நான் அதிகம் பார்க்கிற தவறு இதுதான். கண்ணுக்குத் தெரிகிற கார்டுக்கும் கலர் லைட்டுக்கும் பணத்தைக் கொட்டிவிட்டு, மிச்சத்தில் எஸ்எம்பிஎஸ் வாங்குவார்கள்.

அதன் பக்கவாட்டு ஸ்டிக்கரைப் படியுங்கள். மேலே 450 வாட் என்று பெரிதாகப் போட்டிருக்கும். கீழே 12 வோல்ட் வரிசையில் 18 ஆம்பியர் என்று இருந்தால், பெருக்கினால் 216 வாட்தான். பிராசசரும் கார்டும் சாப்பிடுவது அந்த வரிசையிலிருந்துதான். ஆர்டிஎக்ஸ் 4060 கார்டு எடுப்பது 115 வாட்தான், ஆனாலும் என்விடியா 550 வாட் எஸ்எம்பிஎஸ் போடச் சொல்கிறது. பிராசசருக்கும் வேண்டும், திடீரென்று ஏறும் இழுவைக்கும் இடம் வேண்டும். ஸ்டிக்கரில் இன்னொன்றையும் பாருங்கள். மலிவானவற்றில் இன்புட் 200 முதல் 240 வோல்ட் வரை என்று போட்டிருக்கும். சாயங்காலம் தெருவில் எல்லா மோட்டாரும் ஏசியும் ஓடும்போது வோல்டேஜ் அதற்குக் கீழே இறங்கும் வீடுகள் இங்கே நிறைய. 100 முதல் 240 வரை தாங்குவதே நமக்குச் சரி. யூபிஎஸ் வாங்கினாலும் இதே கணக்குதான்: 600 விஏ என்று விற்பது பெரும்பாலும் 360 வாட்தான் தாங்கும்.

கேபினெட்டைத் தொட்டால் விரலில் சுரீர் என்கிறதா? எர்த் சரியில்லை என்று அர்த்தம். எஸ்எம்பிஎஸ் உள்ளே இருக்கும் சிறு கெபாசிட்டர் வழியாகக் கசிவது எர்த்துக்குப் போக வழியில்லாமல் தகரத்தில் நிற்கிறது. டவுன் பக்கத்துப் பழைய வீடுகளில் மூன்றாவது துளையில் வயரே இருக்காது. எர்த் குழி இருந்தாலும் கோடையில் மண் காய்ந்துவிடும், தண்ணீர் ஊற்ற வேண்டும். இதை எலக்ட்ரீஷியனை வைத்துச் சரிசெய்த பிறகே பாகங்களை மாட்டுங்கள்.

என்னை இன்றும் வருத்துகிற ஒரு தவறைச் சொல்கிறேன். வயர்களைத் தனியாகக் கழற்றி மாட்டும் மாடுலர் எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றியபோது பழைய வயர்களையே புதியதில் செருகினேன். துளை பொருந்தியது, ஆனால் உள்ளே கம்பி வரிசை வேறு. ஹார்ட் டிஸ்க் அந்த நொடியே போனது. தங்கச்சி கல்யாணப் படங்கள் அதில்தான் இருந்தன. ஒரு எஸ்எம்பிஎஸ்ஸின் வயரை இன்னொன்றுக்குப் போடவே கூடாது.

அப்புறம் வெயில். லிக்விட் கூலரே போட்டாலும் அறையின் சூட்டுக்குக் கீழே இறக்க முடியாது. அறை 37 டிகிரி என்றால் கணக்கு அங்கிருந்துதான் தொடங்கும். முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி போட்ட கேபினெட் பாளையங்கோட்டைக்கு ஆகாது. வலை வைத்தது வாங்கி, முன்னால் காற்று உள்ளே, பின்னாலும் மேலேயும் வெளியே என்று வையுங்கள். ஆடிக் காற்றில் வரும் புழுதிக்கு அந்த வலையை மாதம் ஒருமுறை கழுவ வேண்டும். கூலரின் அடியில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளை உரிக்காமல் மாட்டியவர்களும் உண்டு.

பொருத்தம் பார்ப்பது எளிது. ரைசன் மாட்டும் போர்டுகளில் பழைய வகையான ஏஎம்4-க்கு டிடிஆர்4 ரேம், புதிய வகையான ஏஎம்5-க்கு டிடிஆர்5. பழைய பி450 போர்டில் ரைசன் 5000 வரிசை ஓட, போர்டுக்குள்ளேயே இருக்கும் பயாஸ் மென்பொருளை அப்டேட் செய்ய வேண்டும், கடையிலேயே செய்து வாங்குங்கள். ரேம் ஒரே 16 ஜிபியாக இல்லாமல் இரண்டு 8 ஜிபியாக, நான்கு துளை உள்ள போர்டில் பிராசசரிலிருந்து எண்ணி 2, 4-ம் துளைகளில் போடுங்கள். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் கடைகளில் கட்டி நெல்லை எக்ஸ்பிரஸில் கொண்டுவருபவர்கள் கார்டைக் கழற்றித் தனியாகக் கொண்டுவர வேண்டும். கனமான கார்டு குலுங்கினால் போர்டின் துளையே பெயர்ந்துவிடும்.

படம் வரவில்லை என்றால் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றாதீர்கள், எது கோளாறு என்றே தெரியாமல் போகும். பல போர்டுகளில் சிபியூ, டிராம், விஜிஏ, பூட் என்று நான்கு சிறு விளக்குகள் இருக்கும், எது அணையாமல் நிற்கிறது என்று பாருங்கள். டிராம் என்றால் ரேம்தான்; அதைக் கழற்றி மறுபடி செருகி, டக் என்று சத்தம் வரும்வரை அழுத்துங்கள். நான் பார்த்ததில் பாதிக்கு மேல் இதுதான். சிபியூ என்றால், போர்டின் மேல் மூலையில் பிராசசருக்கான 8 பின் வயர் செருகியிருக்கிறதா? கார்டுக்கான 8 பின் வேறு, அதை இங்கே திணிக்கக் கூடாது. அதற்கும் மசியவில்லை என்றால் போர்டை வெளியே எடுத்து அதன் அட்டைப்பெட்டி மேல் வைத்து, பிராசசர், கூலர், ஒரே ஒரு ரேம், படத்துக்குத் தேவையென்றால் கார்டு மட்டும் மாட்டிப் பாருங்கள். வெளியே ஓடி உள்ளே ஓடவில்லை என்றால், போர்டைத் தாங்க கேபினெட்டில் திருகும் பித்தளைக் குமிழ்களில் ஒன்று இடம் மாறி, போர்டின் அடியில் தொட்டுக்கொண்டிருக்கலாம்.

ஏஎம்5-இல் மட்டும் ஒன்று. முதல் முறை ஆன் செய்யும்போது ரேமைப் பழக்கப்படுத்த அது சில நிமிடம் எடுக்கும், அதுவரை திரை கறுப்பாகவே இருக்கும். பயந்து பவர் பட்டனை அழுத்தினால் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். பத்து நிமிடம் விட்டுப் பார்த்துவிட்டுப் போன் செய்யுங்கள்.