எத்தனை சதுர அடி? சிங்கப்பூரில் ஸ்டோரேஜ் அறை எடுப்பதற்கு முன்

சாமான் வைக்க அறையை வாடகைக்கு விடும் ஸ்டோரேஜ் நிறுவனத்துக்குத் தொலைபேசியில் அழைத்தால் முதலில் வரும் கேள்வி "எத்தனை சதுர அடி வேண்டும்?" என்பதுதான். சென்னையிலிருந்து கப்பலில் போட்ட சாமான் வந்து சேர்ந்த வாரம் என்னிடமும் அதையே கேட்டார்கள். எதற்கும் இருக்கட்டும் என்று "நூறு" என்றேன். மனையைக் கிரவுண்டிலும் சென்டிலும் கேட்டுப் பழகிய காதுக்கு நூறு சதுர அடி ஒரு திண்ணை அளவாகத்தான் பட்டது. சாமான் இறக்க வந்த லாரியில் சிவகங்கைத் தம்பி ஒருவர் இருந்தார். அறைக்கதவைத் திறந்ததும் உள்ளே எட்டிப் பார்த்தவர், "அண்ணே, இவ்வளவு பெரிய அறை எதற்கு? என் லாரியே பத்தடிதான். அதிலும் பாதிதானே நிரம்பியது?" என்றார்.

வீடு மாற்ற வரும் சிறிய லாரியை இங்கே 10 அடி லாரி என்பார்கள், அதற்கு அடுத்தது 14 அடி. 10 அடி லாரியின் தளம் ஐந்து, ஐந்தரை அடி அகலம் இருக்கும். ஆக 50 முதல் 55 சதுர அடி. அதில் பாதியே நிரம்பிய சாமானுக்கு 25 சதுர அடி போதும். தாராளமாக வேண்டுமென்றால் 35. நானோ ஆறு மாத ஒப்பந்தத்தில் 100 சதுர அடிக்குக் கையெழுத்துப் போட்டிருந்தேன். பாக்கி இடத்தில் இருந்த காற்றுக்கு மாதாமாதம் வாடகை கட்டினேன்.

அளவுக்குப் போகும் முன் அறை தேவைதானா என்று பாருங்கள். இங்கே வாடகைக்கு வரும் வீடுகளில் கட்டில், சோபா, ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் எல்லாம் பெரும்பாலும் ஏற்கெனவே இருக்கும். எடுத்துவிடச் சொன்னால் உரிமையாளர் சம்மதிப்பது அபூர்வம். அவருக்கும் வைக்க இடம் கிடையாது. 1990களின் பிற்பகுதிக்குப் பிறகு கட்டப்பட்ட வீவக (அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் கனத்த இரும்புக் கதவு போட்ட சிற்றறை ஒன்று இருக்கும். போர்க்காலத்தில் ஒதுங்குவதற்காகக் கட்டப்பட்டது. பாம் ஷெல்டர் என்று எல்லோரும் சொல்லும் அதுதான் நடைமுறையில் வீட்டின் சாமான் அறை. கால் வைத்த அலமாரி ஒன்றை உள்ளே நிறுத்தினால் பதினைந்து இருபது பெட்டிகளை விழுங்கிவிடும். வீடு பார்க்கப் போகும்போதே அந்தக் கதவைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். உரிமையாளர் தம் சாமானை உள்ளே போட்டுப் பூட்டி வைத்திருப்பது இந்த ஊரில் சர்வ சாதாரணம்.

மிச்சத்தை வாசலுக்கு வெளியே தாழ்வாரத்தில் அடுக்கிக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். தாழ்வாரத்தில் 1.2 மீட்டர் வழி தடையின்றி இருக்க வேண்டும் என்பது குடிமைத் தற்காப்புப் படையின் விதி.

இன்னொரு விஷயம் கப்பலில் சாமான் கொண்டுவருபவர்களுக்கு. குடிபெயர்ந்து வருபவர்கள் கொண்டுவரும் பழைய வீட்டுப் பொருள்களுக்குப் பொருள் சேவை வரியிலிருந்து விலக்குக் கேட்கலாம். நீங்கள் குறைந்தது 3 மாதம் பயன்படுத்திய பொருளாக இருக்க வேண்டும், வந்த 6 மாதத்துக்குள் இறக்கிவிட வேண்டும், இறக்கிய பிறகு 3 மாதத்துக்கு விற்கவோ கைமாற்றவோ மாட்டேன் என்று உறுதி தர வேண்டும். வாடகை வீட்டில் சோபா இருக்கிறது, ஊர் சோபாவை உடனே விற்றுவிடலாம் என்று போட்ட கணக்கு இந்த மூன்றாவது நிபந்தனையில் இடிக்கும். அந்த மூன்று மாதத்துக்கு மட்டும் அறை எடுப்பவர்களும் உண்டு.

சரி, அறை வேண்டும் என்று முடிவாகிவிட்டது. அளப்பதற்கு நிறுவனங்களின் இணையப் பக்கத்தில் இருக்கும் படங்களை நம்பாதீர்கள். அந்தப் படங்களில் எல்லாப் பெட்டியும் ஒரே அளவில் இருக்கும்; யார் வீட்டிலும் அப்படி இருப்பதில்லை. உங்கள் கூடத்துத் தரையைப் பாருங்கள். பல வீவக வீடுகளில் 60 சென்டிமீட்டர் சதுரக் கற்கள்தான் பதித்திருப்பார்கள். ஒரு கல் ஏறத்தாழ 2 அடி. இரண்டரைக் கல் நீளம், இரண்டரைக் கல் அகலம் எடுத்தால் 5 அடிக்கு 5 அடி, அதாவது 25 சதுர அடி. காகித டேப்பால் தரையில் அந்தச் சதுரத்தை ஒட்டுங்கள். சாமானை அதற்குள் அடுக்குங்கள். உங்கள் தலை உயரத்தைத் தாண்டக் கூடாது, கோட்டுக்கு வெளியே எதுவும் நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது.

இரண்டாவது முறை அறை எடுத்தபோது நாங்கள் அப்படித்தான் செய்தோம். ஒரு சனிக்கிழமை மாலை முழுக்கப் போனது. மனைவி கோட்டுக்கு வெளியே நின்றுகொண்டு ஒவ்வொரு பெட்டிக்கும் "இதைக் கடைசியாக எப்போது திறந்தோம்?" என்று கேட்டார். உடைந்த மிக்ஸியின் மூன்று ஜார்கள், இப்போது இல்லாத வீட்டின் ஜன்னல் திரைகள், எதற்கென்றே தெரியாத ஒரு மரப்பலகை. சதுரத்தில் இடமில்லாமல் நின்ற பதினொரு பெட்டிகளில் நான்கு, மறுநாள் ஹாரன் அடித்துக்கொண்டு புளோக்குக்கு வந்த காராங்குனிக்காரரிடம், அதாவது பழைய சாமான் எடுப்பவரிடம், போயின. பெரிய உருப்படி என்றால் உங்கள் நகர மன்றத்தைக் கேளுங்கள்; பல நகர மன்றங்கள் வேண்டாத கட்டிலையும் அலமாரியையும் வீட்டுக்கே வந்து எடுத்துச் செல்கின்றன.

குத்துமதிப்பாக ஒரு கணக்குச் சொல்கிறேன். அறை வாடகையில் இருக்கும் தனி ஆள், இரண்டு பெட்டி, கொஞ்சம் புத்தகம், ஒரு சைக்கிள் என்றால் 10 முதல் 15 சதுர அடி லாக்கர் அளவே போதும். ஒரு படுக்கையறைச் சாமானுக்கு 25 முதல் 35. கட்டில், மெத்தை, ஃபிரிட்ஜ், உணவு மேசை, முப்பது பெட்டி என்று குடும்பமாக வந்தவர்களுக்கு 50. முழு நான்கறை வீட்டையும் காலி செய்து வைப்பதாக இருந்தால்தான் 100க்கு மேல் யோசிக்க வேண்டும்.

25க்கும் 50க்கும் நடுவில் தடுமாறுபவர்கள் மெத்தையைக் கொண்டு முடிவு செய்யலாம். இங்குள்ள குவீன் மெத்தை 152க்கு 190 சென்டிமீட்டர், அதாவது 5 அடிக்கு ஆறேகால் அடி. 5 அடி அகல அறையில் அதைச் செங்குத்தாக நிறுத்தினால் காகிதத்தில் பொருந்தும்; திருப்பி நுழைக்க உங்கள் கைக்கு இடம் இருக்காது. 5 அடிக்கு 10 அடி அறையில் நீளச் சுவரோடு சாய்த்து நிறுத்திவிட்டு மிச்ச இடத்தைப் புழங்கலாம். ஊரிலிருந்து வந்த இலவம்பஞ்சு மெத்தையா? அதை அறையில் வைக்கவே வேண்டாம். ஈரம் குடித்துவிடும்.

வாடகை தரையின் அளவுக்குத்தான். சாமானோ உயரத்தையும் நிரப்பும். ஆகவே கூரை எத்தனை அடி என்று கேட்காமல் முன்பணம் கட்டாதீர்கள். ஒன்றரை அடி கனசதுரப் பெட்டியை எடுத்துக்கொண்டால், 25 சதுர அடி அறையில் ஓர் அடுக்குக்கு 9, நான்கு அடுக்குக்கு 36 பெட்டி போகும். ஆறு அடி உயரம். ஆனால் கதவைத் திறந்தால் எதிரே பெட்டிச் சுவர்தான் நிற்கும், கடைசிப் பெட்டியை எடுக்க 11 பெட்டிகளையாவது இறக்க வேண்டும். ஒரு பக்கம் இரண்டடி வழி விட்டால் 24 பெட்டிதான் பிடிக்கும், எதையும் கை நீட்டி எடுக்கலாம். இந்த 12 பெட்டி வித்தியாசத்தை முதலிலேயே கணக்கில் சேர்க்காதவர்கள்தான் "அறை சிறியதாகிவிட்டது" என்று புலம்புகிறார்கள்.

நானும் புலம்பியவன்தான். மூன்றாவது அறை 25 சதுர அடி. முந்தைய அனுபவத்தால் கஞ்சத்தனம் முற்றிப்போய், வழியே விடாமல் அடைத்திருந்தேன். தை மாதத்தில் வைத்த சாமான். கொலு பொம்மைப் பெட்டிகளை இப்போதைக்குத் தேவையில்லை என்று ஆக உள்ளே தள்ளி, முன்னால் கட்டில் சட்டத்தைச் சாய்த்திருந்தேன். நவராத்திரிக்கு முந்தின நாள் இரவு அலுவலகம் முடிந்து போய் எல்லாவற்றையும் நடைபாதையில் இழுத்துப் போட்டேன். அங்கே விளக்குகள் ஆள் அசைவு தெரிந்தால்தான் எரியும். ஒவ்வொரு சில நிமிடத்துக்கும் இருட்டிவிடும், நான் கையை வீசுவேன், மறுபடி வெளிச்சம் வரும். அந்த வெளிச்சத்தில் தசாவதாரத்தை எண்ணிப் பார்த்தால் வாமனர் மட்டும் கழுத்துடைந்து கிடந்தார்.

அதன் பிறகு சாமானை வைக்கும்போது எங்கள் வீட்டில் நாள்காட்டி கையில் இருக்கும். அடுத்து எந்தப் பண்டிகை வருகிறதோ அதற்கானது கதவோரம். ஊருக்குப் போகும்போது தேவைப்படும் பெரிய பெட்டிகளும் கதவோரம். கல் கிரைண்டர், பித்தளை அண்டா போன்ற கனமானவை கீழே. கிரைண்டரைப் பற்றி ஒரு வார்த்தை: இங்கும் 230 வோல்ட்தான், பிளக்கை மட்டும் மாற்றினால் ஓடும். அதை ஸ்டோரேஜில் போட்டுவிட்டு லிட்டில் இந்தியாவின் தேக்காவில் மாவு பாக்கெட் வாங்குவது எனக்கு ஒப்பவில்லை.

அளவுக்கு அடுத்து ஈரம். இந்த ஊரின் காற்றில் ஈரப்பதம் ஆண்டு முழுக்கச் சராசரியாக 80 விழுக்காட்டுக்கும் மேல். அட்டைப்பெட்டி நான்கைந்து மாதத்தில் நெகிழ்ந்துவிடும். அடியில் இருப்பது அமுங்கினால் மேலே உள்ள மூன்றும் சரியும். மூடி போட்ட பிளாஸ்டிக் பெட்டிகளுக்குச் செலவு செய்யுங்கள். சுவரையும் தரையையும் ஒட்டி வைக்காமல் இரண்டு அங்குலம் விடுங்கள். கடைகளில் கிடைக்கும் ஈரம் உறிஞ்சும் டப்பாக்களை வாங்கி வைப்பதாக இருந்தால் தரையில் வையுங்கள். அவற்றில் நீர் சேரும், மேலே வைத்துச் சாய்ந்தால் புத்தகங்கள் போச்சு. தோசைக்கல்லுக்கு நல்லெண்ணெய் தடவிச் செய்தித்தாளில் சுற்றி வைத்தால் துரு அண்டாது. பித்தளை கறுக்கத்தான் செய்யும், புளி போட்டுத் தேய்த்துக்கொள்ளலாம். பட்டுப்புடவை, மிருதங்கம், பழைய புகைப்பட ஆல்பம் மூன்றையும் வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள். வைத்தே தீர வேண்டுமென்றால் குளிர்சாதன வசதி உள்ள தளமாக எடுங்கள். வாடகை கூடும். அதற்காகச் சிறிய அறையாக எடுத்து, ஈரம் தாங்காதவற்றை மட்டும் அங்கே வைப்பது என் வழி.

இந்த அறைகள் பெரும்பாலும் தொழிற்பேட்டைக் கட்டடங்களில்தான் இருக்கின்றன: உபி, காக்கி புக்கிட், தை செங், அங் மோ கியோ, ஜூரோங், உட்லண்ட்ஸ் பக்கங்களில். நேரில் போய்ப் பார்க்காமல் எடுக்காதீர்கள். சரக்கு மின்தூக்கியின் வாசல் அகலம், அங்கிருந்து அறை வரை எத்தனை திருப்பம், லாரி நிற்கும் இடத்துக்கு மேலே கூரை உண்டா என்று பாருங்கள். நவம்பர் முதல் ஜனவரி வரை மழைக்காலத்தில் அந்தக் கூரை இல்லாவிட்டால் மெத்தை நனைந்தே உள்ளே போகும். சில இடங்களில் ஏணி வைத்து ஏறும் மேல்தட்டு அறைகளை மலிவாகத் தருவார்கள். இலேசான பெட்டிகளுக்கு நல்லது. அண்டாவைத் தோளில் வைத்து ஏணி ஏறும் வயது எனக்குத் தாண்டிவிட்டது.

எரிவாயு உருளை, பெயின்ட், தின்னர், அரிசி பருப்பு எதையும் வைக்க விடமாட்டார்கள். சான்றிதழ், நகை, பத்திரம் ஆகியவற்றை நீங்களே வைக்காதீர்கள்.

ஒப்பந்தத்தில் நான்கு இடங்களை விரல் வைத்துப் படியுங்கள். முதல் மாதச் சலுகை முடிந்த பிறகு வாடகை எவ்வளவு, அதில் 9 விழுக்காடு பொருள் சேவை வரி அடக்கமா, காப்புறுதி கட்டாயமா, காலி செய்ய எத்தனை நாள் முன்னறிவிப்பு. இடையில் சிறிய அறைக்கு மாறலாமா என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். என்னைப் போல 100 சொல்லிவிட்டு முழிப்பவர்களுக்கு அது ஒன்றுதான் வழி. காலி செய்யும் நாளில் அறையைக் கூட்டிவிட்டு நான்கு சுவரையும் படம் எடுத்துக்கொண்டால் முன்பணம் திரும்பி வருவதில் வாக்குவாதம் இருக்காது. பூட்டு பெரும்பாலும் நீங்கள் வாங்கிப் போட்டதாகத்தான் இருக்கும், அதையும் கையோடு எடுத்து வாருங்கள்.