நீல வண்ணம் இல்லாமல் ஓர் ஆறு: பிள்ளைகள் மண்ணால் வரையும் நீர்வழிப் படம்

செட்டிநாட்டுப் பிள்ளைகளிடம் ஆறு வரையச் சொன்னால் இரண்டு மலை, நடுவில் சூரியன், அங்கிருந்து நீலமாக இறங்கும் தண்ணீர் என்று வரைந்து நீட்டுவார்கள். மணிமுத்தாறு, தேனாறு, பாம்பாறு, விருசுழியாறு எதுவும் அப்படி இருப்பதில்லை. ஐப்பசி, கார்த்திகையில் செங்கலங்கலாகப் புரண்டு வரும். மாசி பிறந்தால் வெறும் மணல். அதனால் இந்தச் செய்முறையில் நீல வண்ணத்துக்கே இடமில்லை. ஊர்க் கண்மாயில் தொடங்கி ஆறு வரைக்கும் தண்ணீர் போகும் வழியை, அந்த வழியில் கிடக்கும் மண்ணைக் கொண்டே ஒரு பலகையில் கொண்டுவரப் போகிறோம். மேலிருந்து பார்ப்பதுபோன்ற படம், இயற்கைக்காட்சி அல்ல.

எட்டு முதல் பதின்மூன்று வயது வரை பதினாறு பிள்ளைகள், கூட நான்கு பெரியவர்கள் என்று வைத்து அளவுகள் சொல்லியிருக்கிறோம். இரண்டு சனிக்கிழமையும் இடையில் ஒரு வாரமும் வேண்டும். ஏற்ற காலம் மாசி முதல் சித்திரை வரை. மண் கிடைக்கும், வெயிலில் சீக்கிரம் காயும். மழைக்காலத்தில் தொடங்கினால் எதுவும் காயாது, ஆற்றுக்குள் இறங்கவும் முடியாது.

வாங்க வேண்டியவை

6 மி.மீ. பிளைவுட், நான்கடிக்கு இரண்டடி, ஒன்று. வெள்ளை ஃபெவிகால் ஒரு கிலோ. சாக்பீஸ் ஒரு பெட்டி. தேங்காய்ச் சிரட்டைக்கரி இரண்டு கைப்பிடி. பழைய வேட்டித்துணி. மூன்று சல்லடை: டீ வடிகட்டி, மாவுச் சல்லடை, கட்டட வேலைக்காரர்கள் மணல் சலிக்கும் கம்பிவலையில் ஒரு துண்டு. அரை அங்குலம், ஒரு அங்குலத் தூரிகைகள். மூடி உள்ள பழைய டப்பாக்கள் பத்துப் பன்னிரண்டு. தண்ணீர் தெளிக்கும் ஸ்பிரே பாட்டில் ஒன்று.

பிளைவுட்டுக்குப் பதில் அட்டைப்பெட்டியை வெட்டிப் பயன்படுத்தலாம். ஆனால் இரண்டு அடுக்காக, ஒன்றின் வரி நெட்டுக்கும் மற்றதன் வரி குறுக்குக்கும் வருமாறு ஒட்டுங்கள். ஒற்றை அட்டையில் ஈரமண் பட்டால் அப்பளம்போல வளைந்துவிடும்.

1. மண் எடுக்கும் நடை

காலை ஒன்பது மணிக்குள் நடையை முடித்துவிடுங்கள். கண்மாயின் உள்வாய் (தண்ணீர் தேங்கும் உட்பகுதி), கரை, கலுங்கு (மிகைநீர் வழியும் இடம்), வரத்துக்கால் (தண்ணீர் கொண்டுவரும் கால்வாய்), ஊருணி, கடைசியில் ஆறு என்று தண்ணீர் போகும் வழியிலேயே நடக்க வேண்டும். ஆறு தொலைவாக இருந்தால் அந்தப் பகுதிக்கு மட்டும் வண்டியில் போகலாம். ஊரில் வயதான விவசாயி ஒருவரையோ மடை பார்த்த நீர்ப்பாய்ச்சியையோ கூட்டிப் போனால் நல்லது. எந்தக் கால்வாய் எந்த ஊருணிக்குப் போனது, எது இப்போது வீட்டுமனையாகிவிட்டது என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும்.

செருப்பு போதாது, ஷூ வேண்டும். ஆற்றுப்படுகை நெடுக சீமைக்கருவேல முள். மணல் அள்ளிய பழைய குழிகளில் கோடையிலும் தண்ணீர் தேங்கி நிற்கும். மேலே பார்த்தால் முழங்கால் அளவு, உள்ளே ஆளை மூழ்கடிக்கும் ஆழம். அப்படிப்பட்ட குழியிருக்கும் பக்கம் பிள்ளைகளை விடவே கூடாது.

எடுக்க வேண்டியவை இவை. செவக்காட்டில் செம்மண். செம்புராங்கல் என்னும் துளை விழுந்த செந்நிறக் கல் உதிர்ந்து கிடக்கும் இடத்தில் மஞ்சள் திட்டு தெரிந்தால் அது. கண்மாய் உள்வாயில் கரம்பை என்னும் களிமண். ஊருணிக் கரையில் சாம்பல் நிற வண்டல். ஆற்றில் மணல். கரம்பை இரண்டு கிலோ, மணல் இரண்டு கிலோ, மற்றவை இரண்டு டம்ளர் வீதம் எடுத்தால் போதும். கண்மாயும் ஊருணியும் ஊர்ச் சொத்து. ஊராட்சியில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு எடுங்கள். ஒவ்வொரு டப்பாவிலும் இடம், தேதி, எடுத்த பிள்ளையின் பெயர் மூன்றையும் அங்கேயே எழுதி ஒட்டுங்கள். வீட்டுக்கு வந்து எழுதிக்கொள்ளலாம் என்று விட்டால், காய்ந்த பிறகு எல்லா மண்ணும் ஒரே பழுப்பாகத்தான் தெரியும்.

வழியில் கிடக்கும் குப்பையையும் ஒரு பையில் எடுத்து வாருங்கள்: பாக்கெட் உறை, பாட்டில் மூடி, கேரிபேக் துண்டு. எது எங்கே கிடந்தது என்று குறித்துக்கொள்ள வேண்டும். கண்ணாடி, ஊசி, நாப்கின் ஆகியவற்றைப் பிள்ளைகள் தொடக் கூடாது. எடுத்ததை வீட்டுக்கு வந்ததும் சோப்புத் தண்ணீரில் ஊறவைத்துக் கழுவுங்கள்.

2. மண்ணை அரித்து வண்ணப்பொடி எடுப்பது

பொறுமை முழுவதும் தேவைப்படுவது இந்தப் படிக்குத்தான். அவசரப்பட்டால் வண்ணம் நறநறக்கும்.

ஒரு டம்ளர் மண்ணுக்கு மூன்று டம்ளர் தண்ணீர். குச்சியால் நன்றாகக் கலக்கி, முப்பது வரை எண்ணச் சொல்லுங்கள். அதற்குள் மணலும் கல்லும் அடியில் உட்கார்ந்துவிடும். மேலே நிற்கும் கலங்கல் தண்ணீரை வேட்டித்துணி கட்டிய இன்னொரு பாத்திரத்தில் ஊற்றுங்கள். அடியில் நிற்பது வேண்டாம். முப்பது எண்ணாமல் ஊற்றினால் மணலும் சேர்ந்து வரும். ஐந்து நிமிடம் விட்டுவிட்டால் நிறம் தரும் நுண்ணிய மண்ணில் பாதி அடியிலேயே தங்கி, வண்ணம் வெளிறிப்போகும்.

வடித்ததை இரவு முழுவதும் அசைக்காமல் வையுங்கள். காலையில் மேலே தெளிந்த நீரை மெதுவாகச் சாய்த்து வடித்துவிட்டு, அடியில் இருக்கும் குழம்பைத் தட்டில் பரப்பி வெயிலில் காயவிடுங்கள். சில களிமண் இரண்டு நாள் ஆனாலும் தெளியாது. அப்போது படிகாரம் ஒரு சிட்டிகை பொடித்துப் போட்டுக் கலக்கினால் தெளிந்துவிடும். தேத்தாங்கொட்டை கிடைத்தால் அதுவே மேல். மண்சட்டியின் உட்புறத்தில் அதை நன்றாகத் தேய்த்துவிட்டு அந்தக் கலங்கலை ஊற்றி வையுங்கள். ஊருணித் தண்ணீரை இப்படித்தான் தெளியவைத்துக் குடித்தார்கள் என்று பிள்ளைகளுக்குச் சொல்ல இதைவிட நல்ல நேரம் வாய்க்காது.

காய்ந்த கட்டியை அம்மியிலோ கனமான பாட்டிலை உருட்டியோ பொடித்து, டீ வடிகட்டியில் சலித்து டப்பாவில் போடுங்கள். பொடிக்கும்போது மூக்கில் துணி கட்டிக்கொள்வது நல்லது.

மஞ்சள் மண் கிடைத்திருந்தால் அதில் பாதியைப் பெரியவர் ஒருவர் பழைய இரும்புச் சட்டியில், வீட்டுக்கு வெளியே விறகடுப்பில், அரைமணி நேரம் கிளறிக் கிளறி வறுக்கட்டும். மஞ்சள் மெல்ல ஆரஞ்சாகி, பிறகு செங்காவியாகும். அதிலுள்ள இரும்புத் தாது சூட்டில் நீரை இழந்து நிறம் மாறுகிறது. ஒரே மண்ணில் இரண்டு வண்ணம். 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற மானாமதுரை மண்பாண்டங்கள் சூளையிலிருந்து சிவந்து வருவதற்குக் காரணமும் களிமண்ணில் இருக்கும் இரும்புதான்.

வெள்ளைக்குச் சாக்பீஸ் பொடி. சுண்ணாம்பு வேண்டாம், கண்ணில் பட்டால் ஆபத்து. அரிசிமாவும் வேண்டாம், எறும்பு வந்துவிடும். கறுப்புக்குச் சிரட்டைக்கரி. கரிப்பொடி தண்ணீரில் கலக்காமல் மேலே மிதக்கும். முதலில் இரண்டு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம் விட்டுக் குழைத்து, பிறகு தண்ணீர் சேர்த்தால் கலந்துவிடும். பச்சைக்கு இலைச்சாறு பிழிய யாராவது கேட்பார்கள். சில நாளிலேயே பழுப்பாகிவிடும். சமையல் மஞ்சள்தூளும் வெயிலில் வெளிறும்.

3. பலகையைத் தயார்செய்தல்

ஃபெவிகால் ஒரு பங்கு, தண்ணீர் ஒரு பங்கு, சாக்பீஸ் பொடி ஒரு பங்கு கலந்து முன்பக்கம் இரண்டு பூச்சு பூசுங்கள். பின்பக்கமும் வெறும் ஃபெவிகால் தண்ணீர் ஒரு பூச்சு வேண்டும். ஒரு பக்கம் மட்டும் ஈரம் ஏறினால் பிளைவுட்கூட வளையும்.

காய்ந்ததும் ஆறங்குலத்துக்கு ஒரு கோடு போட்டால் முப்பத்திரண்டு கட்டம் வரும், ஆளுக்கு இரண்டு. செயற்கைக்கோள் வரைபடத்தில் உங்கள் ஊரைப் பார்த்து, அச்செடுத்து, அதிலும் அதே கட்டங்களைப் போட்டுக்கொள்ளுங்கள். ஆற்றையும் கால்வாயையும் மூத்த பிள்ளைகள் இருவர் மட்டும் பலகை முழுவதும் கரியால் முதலில் வரைந்துவிட வேண்டும். அவரவர் கட்டத்தில் அவரவரே ஆறு வரைந்தால், ஒரு கட்டத்தில் வலப்பக்கம் முடியும் ஆறு அடுத்த கட்டத்தில் நடுவில் தொடங்கும்.

4. வண்ணம் கலப்பது

மண்பொடி மூன்று தேக்கரண்டி, ஃபெவிகால் ஒன்று, தண்ணீர் இரண்டு. தோசைமாவுப் பதம். முதலில் ஒரு அட்டைத் துண்டில் பூசிக் காயவைத்து விரலால் தேய்த்துப் பாருங்கள். விரலில் பொடி ஒட்டினால் பசை குறைவு, அரைக் கரண்டி கூட்டுங்கள். பிளாஸ்டிக் மாதிரி மினுங்கினால் பசை அதிகம். காய்ந்ததும் எல்லா மண்ணும் ஈரத்தில் இருந்ததைவிட வெளிறும். அதைச் சொல்லாமல் விட்டால் பிள்ளைகள் வண்ணம் போய்விட்டது என்று திரும்பத் திரும்பப் பூசுவார்கள். பூச்சு தடித்து உரியும்.

ஃபெவிகாலுக்குப் பதில் புளியங்கொட்டைப் பசை காய்ச்சலாம். தஞ்சாவூர் ஓவியப் பலகையில் துணி ஒட்டப் பயன்படுத்திய பசை அது. வறுத்துத் தோல் நீக்கி, ஊறவைத்து அரைத்து, கஞ்சிபோலக் காய்ச்ச வேண்டும். இரண்டு நாளுக்கு மேல் நிற்காது, மழைக்காலத்தில் படத்திலேயே பூஞ்சை பிடிக்கும். அதைத் தடுக்க மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) சேர்ப்பது உண்டு. அது நஞ்சு, பிள்ளைகள் கைபடும் வேலையில் கூடாது. தொடங்குபவர்கள் ஃபெவிகாலிலேயே இருங்கள்.

5. கண்மாயை வெடிக்க வைப்பது

கோடைக் கண்மாய்த் தரை பாளம் பாளமாக வெடித்துக் கிடக்குமே, அதை வரைய வேண்டாம். மண்ணே செய்துகொள்ளும்.

அரிக்காத கரம்பையை மாவுச் சல்லடையில் சலித்து, தண்ணீர் விட்டுப் பிசைந்து ஒரு இரவு மூடிவையுங்கள். இதில் பசை கலக்கக் கூடாது, கலந்தால் வெடிக்காது. பலகையில் கண்மாய் வரும் இடத்தில் ஃபெவிகாலைக் கெட்டியாகத் தடவி, விரல் வைத்தால் பிசுபிசுக்கும் பதம் வரும்வரை காத்திருங்கள். அதன்மேல் கரம்பையை நான்கு மி.மீ. கனத்துக்கு ஒரே சீராகப் பரப்பி, பலகையைச் சமதரையில் நிழலில் வையுங்கள். மறுநாள் மெல்லிய கீறல் விழும். அதற்கடுத்த நாள் கீறல்கள் அகன்று, ஐந்து பக்கம் ஆறு பக்கமாகப் பாளங்கள் பிரிந்து, ஓரங்கள் லேசாகத் தூக்கும்.

கனம் இரண்டு மி.மீ.க்குக் குறைந்தால் பாளம் பொடிப்பொடியாக வரும். ஏழு, எட்டு மி.மீ. போனால் பெரிய பாளமாகி, அடிப்பசையிலிருந்து பெயர்ந்து கையோடு வந்துவிடும். வெயிலில் வைத்தால் மேற்புறம் முன்னால் காய்ந்து, பாளங்கள் கிண்ணம்போலச் சுருண்டுகொள்ளும். வெடிக்கவே இல்லையென்றால் உங்கள் மண்ணில் மணல் அதிகம். இன்னும் ஆழமான உள்வாயிலிருந்து எடுக்க வேண்டும்.

முழுக்கக் காய்ந்த பிறகு, ஒரு பங்கு ஃபெவிகாலுக்கு நான்கு பங்கு தண்ணீர் கலந்து, இங்க் பில்லரால் வெடிப்புகளுக்குள் சொட்டுச் சொட்டாக விடுங்கள். பாளத்தின் மேல் ஊற்றினால் மண் மறுபடி இளகி வெடிப்பு மூடிக்கொள்ளும். இந்த வேலையைப் பொறுமையான பிள்ளையிடம் கொடுங்கள்.

6. மணல் ஆறு

ஆற்றுமணலைத் தண்ணீர் தெளியும்வரை மூன்று நான்கு முறை அலசிக் காயவையுங்கள். தூசி இருந்தால் பசை தூசியைத்தான் பிடிக்கும், மணல் கொட்டிவிடும். மூன்று சல்லடையிலும் சலித்துப் பருமணல், நடுமணல், குறுமணல் என்று பிரியுங்கள். வளைவின் வெளிப்பக்கம் நீரோட்டம் வேகமாக இருப்பதால் அங்கே பருமணல் நிற்கும். உட்பக்கம் வேகம் குறைந்து குறுமணல் படியும். படத்திலும் அப்படியே போடுங்கள்.

ஒரு நேரத்தில் ஒரு சாண் நீளத்துக்கு மட்டும் பசை தடவி, கோலமாவு விடுவதுபோல விரல்களுக்கிடையே மணலை விடச் சொல்லுங்கள். கோலம் போடத் தெரிந்த பிள்ளைகள் இதில் மற்றவர்களைத் தோற்கடித்துவிடுவார்கள். தாளை வைத்து அழுத்தி, அரைமணி கழித்துப் பலகையைச் சாய்த்துத் தட்டினால் ஒட்டாதது விழும்.

7. ஊரும் மரமும் குப்பையும்

வீடுகளுக்கு உடைந்த ஆத்தங்குடித் தரைக்கல் சில்லுகள். தரை பெயர்த்த வீடுகளில் குவியலாகக் கிடக்கும். ஒரு செ.மீ. அளவுக்கு உடைப்பது பெரியவர் வேலை. ஓரங்களைக் கருங்கல்லில் தேய்த்துக் கொடுங்கள். தண்ணீர் கலக்காத ஃபெவிகாலில் ஒட்டி ஒரு இரவு விடவேண்டும். பனைகளுக்குக் கொட்டான் (ஓலைக் கூடை) முடைந்து மிஞ்சிய ஓலை நறுக்கு. சீமைக்கருவேலத்துக்கு அதன் குச்சியே, முள்ளை ஒடித்துவிட்டு.

குப்பையை விரல்நகம் அளவுக்கு வெட்டி, எங்கே கிடந்ததோ அந்த இடத்திலேயே ஒட்டுங்கள். அழகுக்காகப் பரப்பக் கூடாது. சாக்கடை வந்து சேரும் இடத்தில் வண்ணக் காகிதமாகக் குவிந்து நிற்கும், மற்ற இடம் வெறுமையாக இருக்கும். படம் ஊராருக்கு வேலை கொடுப்பது அங்கேதான். பிளாஸ்டிக் வழுக்கும் என்பதால் பின்புறத்தை உப்புத்தாளில் தேய்த்துவிட்டு ஒட்ட வேண்டும்.

8. கடைசிப் பூச்சு

ஒரு பங்கு ஃபெவிகாலுக்கு ஆறு பங்கு தண்ணீர். துணியில் வடிகட்டி ஸ்பிரே பாட்டிலில் ஊற்றி, ஒரு கை தள்ளி நின்று இரண்டு முறை மெல்லிய பனிபோல அடியுங்கள். தூரிகை வேண்டாம், மண்ணை இழுத்துவிடும். வார்னிஷும் வேண்டாம். அடித்த உடனே எல்லா மண்ணும் நனைந்ததுபோலக் கறுத்து, செம்மண்ணுக்கும் கரம்பைக்கும் வித்தியாசம் போய்விடும்.

பள்ளித் தாழ்வாரத்திலோ வீட்டு வளவிலோ சாரல் படாத சுவரில் மாட்டுங்கள். பலகைக்குப் பின்னால் இரண்டு மரத்துண்டு வைத்துச் சுவருக்கு ஒரு அங்குலம் இடைவெளி விட்டால் ஓதம் ஏறாது. தூரிகை கழுவிய தண்ணீரைக் கால்வாயில் கொட்டாமல் வாளியிலேயே காயவிட்டு, படிந்த பசையை உரித்துக் குப்பையில் போடுங்கள். பசை கலக்காத மண்ணை எடுத்த இடத்துக்கே கொண்டுபோய்க் கொட்டலாம். டப்பாவுக்கு இரண்டு தேக்கரண்டி மட்டும் பெயர்ச்சீட்டோடு எடுத்துவையுங்கள். பாளம் ஏதாவது பெயர்ந்தால் அதே மண்ணில் ஒட்டுப்போட வேண்டியிருக்கும்.