ஃபிஷ் ஃபைண்டர் பழகுவது எப்படி: முதலில் தரை, அப்புறம் மீன்

தண்ணீருக்குள் ஒலி அனுப்பி, திரும்பும் எதிரொலியைத் திரையில் காட்டும் கருவிதான் ஃபிஷ் ஃபைண்டர். சிறு படகில் அதை மாட்டியதும் எல்லோரும் திரையில் மீன் பொம்மையைத்தான் தேடுவார்கள். என் யோசனை வேறு: மெனுவுக்குள் போய் அந்தப் பொம்மையை முதலில் அணைத்துவிடுங்கள். பாசிக் கொத்து, காற்றுக் குமிழி, மூழ்கிய கிளை என்று எதைப் பார்த்தாலும் கருவி மீன் படம் போட்டுவிடும். அது உண்மையில் காட்டுவது எதிரொலியை மட்டும்தான். அந்த எதிரொலியைப் படிக்கப் பழகுவோம்.

படி 1: டிரான்ஸ்டியூசரைச் சரியான இடத்தில் பொருத்துங்கள்

தண்ணீருக்குள் ஒலியை அனுப்பித் திரும்ப வாங்கும் பகுதி இதுதான். ஒலி தண்ணீரில் நொடிக்குச் சுமார் 1500 மீட்டர் போகும். 15 மீட்டர் ஆழத்துக்குப் போய்த் திரும்ப அதற்கு ஒரு நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு போதும். ஆனால் நடுவில் காற்றுக் குமிழி வந்தால் ஒலி அங்கேயே சிதறிவிடும். அதனால் படகின் பின்பலகையில், புரொப்பெல்லரை விட்டுத் தள்ளி, நுரை வராத இடமாகப் பாருங்கள். ஓடும்போது படம் உடைந்து, நிற்கும்போது தெளிவாக இருந்தால் தவறு பெரும்பாலும் பொருத்திய இடத்தில்தான் இருக்கும்.

மின்சாரத்துக்கு 12 வோல்ட் பேட்டரி. நடுவில் கருவியின் கையேடு சொல்லும் ஃபியூஸ். இதில் சிக்கனம் வேண்டாம்.

படி 2: அலைவரிசையைத் தேர்ந்தெடுங்கள்

டிரான்ஸ்டியூசரிலிருந்து ஒலி கீழே போகப் போகக் கூம்புபோல் விரியும். 200 கிலோஹெர்ட்ஸ் என்றால் அந்தக் கூம்பு குறுகல், விவரம் அதிகம். 50 கிலோஹெர்ட்ஸ் ஆழம் வரை இறங்கும், அகலமாகப் பார்க்கும், விவரம் குறையும். சிறு படகு போகும் ஆழங்களுக்கு 200 போதும். கூம்பின் கோணம் 20 டிகிரி என்றால், 10 மீட்டர் ஆழத்தில் நீங்கள் பார்ப்பது தரையில் சுமார் மூன்றரை மீட்டர் அகல வட்டம் மட்டுமே. அதற்கு வெளியே கூட்டமாக மீன் நின்றாலும் திரைக்குத் தெரியாது. படகுக்கு முன்னால் இருக்கும் பாறையும் அப்படித்தான்.

படி 3: ஈயக்குண்டை இறக்கிப் பாருங்கள்

அலையில்லாத இடத்தில் இன்ஜினை நிறுத்துங்கள். தூண்டில் கயிற்றில் ஓர் ஈயக்குண்டைக் கட்டி, டிரான்ஸ்டியூசருக்கு நேர் கீழே மெதுவாக இறக்குங்கள். திரையில் ஒரு சாய்ந்த கோடு கீழே இறங்கும். தெரியவில்லையா? சென்சிட்டிவிட்டியை, அதாவது மெல்லிய எதிரொலியையும் காட்டும் திறனைக் கூட்டுங்கள். திரை முழுக்கப் புள்ளி தூவியதுபோல் ஆனால் கொஞ்சம் குறையுங்கள். குண்டு தெரிய வேண்டும், தூசு அடங்க வேண்டும். அந்த இடம்தான் சரியான அளவு. தானியங்கி அமைப்பைவிட இதை நான் அதிகம் நம்புவேன்.

இதிலேயே இன்னொன்றும் புரியும். குண்டை ஓரிடத்தில் நிறுத்தினால் திரையில் நேர்கோடு நீளும். படகு நின்றாலும் படம் நகர்ந்துகொண்டேதான் இருக்கும். வலது ஓரம்தான் இந்த நொடி. இடப்பக்கம் இருப்பதெல்லாம் பழைய கதை. திரையின் நடுவில் தெரியும் மீனுக்கு இப்போது தூண்டில் போடுவது வீண்.

படி 4: தரையைப் படியுங்கள்

உண்மையான படிப்பு இங்கேதான் இருக்கிறது. கெட்டியான தரை பலமான எதிரொலி தரும். சேறு மங்கலாகக் காட்டும். இன்னும் நல்ல அடையாளம் இரண்டாவது எதிரொலி. பாறையில் பட்ட ஒலி மேலே வந்து, நீர்மட்டத்தில் மோதி, மறுபடி கீழே போய்த் திரும்பும். 8 மீட்டரில் தரை என்றால் 16 மீட்டரில் இன்னொரு தரை தெரியும். ஆழ வரம்பைத் தானியங்கியில் விட்டால் இது திரைக்குள் வராமல் போகலாம். நீங்களே 20 மீட்டர் என்று வையுங்கள். இரண்டாவது கோடு மறைகிற இடத்தில் தரை மென்மையாகிறது. கெட்டியும் மென்மையும் சந்திக்கும் விளிம்பு, திடீரென ஆழம் மாறும் சரிவு: இவற்றை ஜிபிஎஸ்ஸில் குறித்து வையுங்கள். மீன் நகரும், இவை நகராது.

திரையில் வரும் ஆழம் டிரான்ஸ்டியூசரிலிருந்து அளந்தது. அது நீர்மட்டத்துக்கு 30 செ.மீ. கீழே இருந்தால் அதையும் அமைப்பில் சேர்த்துவிடுங்கள்.

படி 5: இப்போது மீன்

படகு மெதுவாக நகரும்போது மீன் கவிழ்ந்த வில்லாகத் தெரியும். கூம்பின் ஓரத்தில் மீன் இருக்கும்போது தூரம் அதிகம், நேர் கீழே குறைவு, மறு ஓரத்தில் மீண்டும் அதிகம். பாதி வில்லும் மீன்தான், ஓரமாகக் கடந்திருக்கும். வில் நீளமாக இருப்பதால் மீன் பெரிது என்று எண்ணாதீர்கள். கூம்புக்குள் அது நின்ற நேரம்தான் நீளம். பருமனையும் நிறத்தையும் கவனியுங்கள்.

எதிரொலியில் பெரும்பங்கு மீனின் காற்றுப்பையிலிருந்து வருகிறது. அது இல்லாத சுறா போன்றவை உடலளவுக்கு மங்கலாகத்தான் தெரியும். தரையோடு ஒட்டிக் கிடக்கும் மீன் தரைக்கோட்டிலேயே கரைந்துவிடும். அங்கே கோட்டின் மேல் சிறு திட்டு, மேடு எதுவும் தென்பட்டால் படகைத் திருப்பி அதே இடத்தில் இன்னொரு முறை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். பக்கத்துப் படகின் கருவியும் ஓடினால் திரையில் ஒழுங்கான இடைவெளியில் கோடுகள் விழலாம். அலைவரிசையை மாற்றினால் பெரும்பாலும் போய்விடும்.