வாரம் ஒரு நாள் மாத்திரை: மெத்தோட்ரெக்ஸேட்டைப் பிழையின்றி உட்கொள்ளும் முறை

நம் ஊர்ப் பெரியவர்கள் சரவாங்கி என்று சொல்லும் முடக்குவாதத்துக்கு மருத்துவர்கள் பெரும்பாலும் முதலில் எழுதித் தரும் மருந்து மெத்தோட்ரெக்ஸேட். இது வலி மாத்திரை அன்று. மூட்டை உள்ளிருந்து அரிக்கும் அழற்சியைத் தணிக்கும் மருந்து என்பதால், பலன் தெரிய 6 முதல் 12 வாரங்கள் வரை ஆகலாம்; அதுவரை பொறுமை வேண்டும். என் தாயார் 9 ஆண்டுகளாக இதை உட்கொள்கிறார். மாத்திரைப் பெட்டி என் பொறுப்பில் இருக்கிறது. பக்கவிளைவுகளை நினைத்து அஞ்சுகிறவர்களே மிகுதி. ஆனால் வீட்டில் நாம் உண்மையில் அஞ்ச வேண்டியது கிழமைக் கணக்கில் நேரும் பிழையைத்தான்.

மற்ற மருந்துகளைப் போல் தினமும் உட்கொள்ளாமல், வாரத்தில் ஒரே ஒரு நாள் மட்டும் உட்கொள்ள வேண்டிய மருந்து இது. உயிரணுக்கள் பெருகுவதற்குத் தேவையான ஃபோலேட் என்னும் சத்தின் வேலையை இது தடுக்கிறது. எலும்பு மஜ்ஜை, வாயின் உட்தோல், குடல் ஆகிய இடங்களில் அணுக்கள் விரைவாகப் பெருகுவதால், அவை தேறிக்கொள்ள ஆறு நாள் இடைவெளி தேவைப்படுகிறது. அந்த இடைவெளி இல்லாமல் தினமும் விழுங்கியவர்கள் ரத்த அணுக்கள் அழிந்து இறந்ததுண்டு. இந்த வகை மருந்துகளை 1940களில் அமெரிக்காவில் உருவாக்கிய குழுவுக்குத் தலைமை தாங்கிய எல்லாப்ரகட சுப்பாராவ் நம் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். முதலில் புற்றுநோய்க்குப் பயன்பட்ட மருந்தை மிகக் குறைந்த அளவில் முடக்குவாதத்துக்குத் தர அமெரிக்க அரசு ஒப்புதல் அளித்தது 1988இல்தான்.

முதல் வேலை, கிழமையை முடிவு செய்வது. வீட்டில் ஏற்கெனவே ஏதோ ஒரு காரியத்துக்கென்று இருக்கும் கிழமையோடு மாத்திரையைச் சேர்த்துவிட்டால் மறதிக்கு இடமில்லை. என் தாயாருக்கு எண்ணெய்க் குளியல் சனிக்கிழமை; அன்று இரவு சாப்பாட்டுக்குப் பின் மாத்திரை, மறுநாள் லேசாகக் குமட்டினாலும் ஓய்வாக இருந்துவிடலாம். விரதம் இருக்கும் கிழமையையும், வெள்ளி செவ்வாயில் மருந்து தொடத் தயங்குகிறவர்கள் அந்தக் கிழமைகளையும் தவிர்த்துவிடுவது நல்லது. முடிவு செய்த கிழமையை மருத்துவரிடம் சொல்லி, சீட்டிலேயே "சனிக்கிழமை மட்டும்" என்று முழுதாக எழுதித் தரும்படி கேட்டுப் பெறுங்கள். மருந்துக் கடையில் பழக்கதோஷத்தால் உறையின் மேல் 1-0-0 என்று எழுதிவிட்டால், அதைப் பார்க்கிறவர் தினமும் காலையில் ஒன்று என்றுதான் பொருள்கொள்வார். கடையை விட்டு நகரும் முன்பே அதை அடித்துக் கிழமையை எழுதச் சொல்ல வேண்டும்.

உடன் தரப்படும் ஃபோலிக் அமிலம் வாய்ப்புண்ணையும் குமட்டலையும் குறைப்பதற்கானது. அதை வாரம் ஒரு முறையா, சில நாட்களா என்பதை மருத்துவர் சொல்வார். பொதுவாக மெத்தோட்ரெக்ஸேட் உட்கொள்ளும் நாளில் மட்டும் அதை விட்டுவிடச் சொல்வார்கள். சிக்கல் என்னவென்றால், பல நிறுவனங்களின் தயாரிப்பில் இரண்டுமே சிறிய மஞ்சள் மாத்திரைகள். இரண்டையும் ஒரே டப்பாவில் போடாதீர்கள். அட்டையிலிருந்து பிரித்தும் வைக்காதீர்கள். எங்கள் வீட்டில் மெத்தோட்ரெக்ஸேட் அட்டை சிவப்பு ரப்பர் வளையம் சுற்றிய தனி டப்பாவில், மற்ற மருந்துகள் இருக்கும் அலமாரிக்கு மேல் தட்டில் இருக்கிறது.

கிழமைக்கு அடுத்தபடி கவனிக்க வேண்டியது மில்லிகிராம். இந்த மாத்திரை 2.5, 5, 7.5, 10, 15 மி.கி. என்று பல அளவுகளில் கிடைக்கிறது. என் தாயாருக்கு 10 மி.கி.; 2.5 மி.கி. மாத்திரை நான்காக உட்கொண்டுவந்தார். ஒருமுறை வழக்கமான அட்டை இருப்பில் இல்லாததால், கடைக்காரர் 10 மி.கி. அட்டையைத் தந்துவிட்டார். அம்மா வழக்கம்போல் நான்கைப் பிரித்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, "இந்தத் தடவை மாத்திரை கொஞ்சம் பெரிசா இருக்கே" என்று கேட்டதால்தான் நான் அட்டையைத் திருப்பிப் பார்த்தேன். அவர் கேட்காமல் விழுங்கியிருந்தால் அது 40 மி.கி. அன்றிலிருந்து "எத்தனை மாத்திரை" என்று நாங்கள் பேசுவதில்லை, "எத்தனை மி.கி." என்றே பேசுகிறோம். எப்போதும் ஒரே அளவு மாத்திரையை வாங்குவதே உத்தமம்.

குறித்த நாளில் மறந்துவிட்டால், இரண்டு நாட்களுக்குள் நினைவு வந்தால் உட்கொள்ளலாம். அதற்கு மேல் ஆகிவிட்டால் அந்த வாரத்தை விட்டுவிட்டு அடுத்த வாரம் வழக்கமான கிழமையில் தொடர வேண்டும். விட்டுப்போனதற்கு ஈடாக இரட்டிப்பாக ஒருபோதும் உட்கொள்ளக் கூடாது. மாறாக, தவறிப்போய்க் கூடுதலாக உட்கொண்டது தெரிந்தால், உடம்பு நன்றாக இருந்தாலும் அட்டையோடு உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். இதன் நச்சை முறிக்க ஃபோலினிக் அமிலம் (மேலே சொன்ன ஃபோலிக் அமிலம் அன்று) என்ற முறிவு மருந்து இருக்கிறது, அதை எவ்வளவு விரைவில் தருகிறார்களோ அவ்வளவு நல்லது.

மருந்து தொடங்கும் முன் ரத்த அணுக்கள், கல்லீரல், சிறுநீரகம், மஞ்சள் காமாலைக் கிருமிகளான ஹெபடைடிஸ் பி, சி ஆகியவற்றுக்கான பரிசோதனைகளும் மார்பு எக்ஸ்ரேயும் எடுப்பார்கள். முதல் மூன்று மாதங்கள் 2 முதல் 4 வாரங்களுக்கு ஒருமுறையும், அளவு நிலைபெற்றபின் 2 அல்லது 3 மாதங்களுக்கு ஒருமுறையும் ரத்தப் பரிசோதனை தேவைப்படும். மாத்திரை உட்கொண்ட மறுநாள் ரத்தம் கொடுத்தால் கல்லீரல் நொதிகள் தற்காலிகமாக உயர்ந்து காட்டக்கூடும் என்பதால், அடுத்த மாத்திரைக்கு ஓரிரு நாள் முன்பு கொடுப்பது பொருத்தம். முடிவுகளைத் தேதி வாரியாக ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களின் எண்ணிக்கை சிறிது சிறிதாக இறங்குவது தனித்தனித் தாள்களில் கண்ணுக்குப் படாது.

வாய்ப்புண் வந்தால் நம் வீடுகளில் "உடம்பு சூடு" என்று சொல்லி மோரும் மணத்தக்காளிக் கீரையும் கொடுப்பது வழக்கம். கீரை தாராளமாகச் சாப்பிடலாம், தவறில்லை. ஆனால் மெத்தோட்ரெக்ஸேட் உட்கொள்ளும் ஒருவருக்கு வாயில் பல புண்கள் வருவது ரத்த அணுக்கள் குறைவதன் முதல் அடையாளமாக இருக்கக்கூடும். கீரையை நம்பி ஒரு வாரம் காத்திருப்பதுதான் ஆபத்து. காய்ச்சல், தொண்டைவலி, காரணமில்லாத ரத்தக் கன்றல், கண் மஞ்சளாதல், புதிதாக வறட்டு இருமலும் மூச்சிரைப்பும் ஆகியவற்றில் எது வந்தாலும் அடுத்த மாத்திரையை நிறுத்திவைத்து மருத்துவரை அழைக்க வேண்டும். வாந்தி பேதியிலும் அப்படியே; இம்மருந்து சிறுநீரகத்தின் வழியே வெளியேறுவதால், உடலில் நீர் வற்றினால் உள்ளேயே தேங்கிவிடும்.

வேறு எந்த மருத்துவரிடம் சென்றாலும் இந்த மருந்தின் பெயரையும் கிழமையையும் முதலில் சொல்லுங்கள். சிறுநீர்த் தொற்றுக்கும் சளிக்கும் தரப்படும் கோ-ட்ரைமாக்ஸசோல் இதனுடன் சேரவே கூடாது. வலி மாத்திரைகளை மருத்துவர் மேற்பார்வையில் மட்டுமே சேர்க்கலாம். கடையில் நீங்களாகக் கேட்டு வாங்காதீர்கள். மது கல்லீரலுக்கு இரட்டைச் சுமை. பிரெட்னிசோலோன் போன்ற ஸ்டீராய்டையும் சில வாரங்களாக உட்கொண்டுவந்தால், அதைத் திடீரென நிறுத்தக் கூடாது. படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

இம்மருந்து கருவைப் பாதிக்கும். குழந்தை பெறத் திட்டமிடும் பெண்கள் சில மாதங்கள் முன்பே மருத்துவரிடம் பேசி மாற்று மருந்துக்கு மாற வேண்டும். இம்மருந்தை உட்கொள்ளும் காலத்திலும், நிறுத்தியபின் மருத்துவர் சொல்லும் காலம் வரையிலும் கருத்தடை கட்டாயம். தாய்ப்பால் கொடுப்பவர்களும் இதைத் தவிர்க்க வேண்டும். மாத்திரையை உடைக்கவோ பொடிக்கவோ கூடாது. கர்ப்பிணிகள் வீட்டில் இருந்தால் அவர்களை இந்த மாத்திரைகளை எடுத்துக்கொடுக்கச் சொல்லாதீர்கள்; வெளியூர்ப் பயணத்தில் நோயாளியிடம் தேவையான வாரங்களுக்குரிய மாத்திரைகளை மட்டும், அட்டையோடு வெட்டி, கிழமையை எழுதிக் கொடுத்தனுப்புங்கள்.