டர்போ இன்ஜினில் இக்னிஷன் டைமிங்: எங்கே தவறு நடக்கிறது

போலோ, வெர்ட்டஸ், ஐ20 என் லைன் என்று 1 லிட்டர் டர்போ பெட்ரோல் கார்கள் வந்த பிறகு ரீமேப் ஆசையும், அதாவது இன்ஜின் கம்ப்யூட்டரான இசியுவில் உள்ள அமைப்பை (மேப்) மாற்றிப் பவரைக் கூட்டும் ஆசையும், கூடவே பரவிவிட்டது. எல்லோரும் பூஸ்ட் (டர்போ உள்ளே தள்ளும் காற்றின் அழுத்தம்) எவ்வளவு என்றுதான் கேட்கிறார்கள். பிஸ்டனை உடைப்பது பல நேரம் பூஸ்ட் அல்ல, அதற்கு ஒத்துவராத டைமிங், அதாவது பிளக் பொறி விடும் நேரம்.

டைமிங்கை அட்வான்ஸ் செய்யச் செய்ய, அதாவது பொறியை இன்னும் முன்கூட்டியே விட விட, பவர் ஏறிக்கொண்டே போகும் என்று நினைப்பதில் தொடங்குகிறது சிக்கல். பிஸ்டன் மேலே வந்து சேருமுன்பே பிளக் பொறி விடுகிறது. எரிந்து அழுத்தம் உச்சத்தைத் தொட நேரம் வேண்டுமே! அந்த உச்சம், பிஸ்டன் மேல்முனையைத் தாண்டி, கிராங்க் சுழற்சியில் சுமார் 15 டிகிரியில் வந்தால் முழுப் பலன். அதைவிட முன்னால் இழுத்தால் டார்க் (சுழற்று விசை) குறையத்தான் செய்யும். டர்போவில் காற்று அடர்த்தியாக உள்ளே போவதால் கலவை சீக்கிரம் எரிகிறது, ஆகவே அட்வான்ஸும் குறைவாகவே தேவை. அதற்கு மேல் கொடுத்தால், தீ இன்னும் போய்ச் சேராத ஓரத்துக் கலவை சூட்டிலும் அழுத்தத்திலும் தானாகவே வெடிக்கும். இதுதான் நாக்கிங். ரிங்குகளுக்கு இடையே உள்ள பிஸ்டன் விளிம்பு விரிசல் விடுவது இப்படித்தான்.

காதுக்குக் கேட்கவில்லை, அதனால் நாக்கிங் இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். இசியு தரும் பதிவை (லாக்) எடுத்துப் பாருங்கள். எப்போதாவது ஒரு சிலிண்டரில் இசியு டைமிங்கை ஒன்றிரண்டு டிகிரி குறைத்தால் பரவாயில்லை. எல்லா சிலிண்டரிலும் ஒவ்வொரு முறையும் 4, 5 டிகிரி குறைத்தால், மேப் அளவு மீறிவிட்டது. ‘நாக் சென்சார் பார்த்துக்கொள்ளும்’ என்று விடுவது ஆபத்து. நாக்கிங் நடந்த பிறகுதான் அதற்குத் தெரியும். அதன் உணர்திறனைக் குறைத்து மேப்பை ஓட வைப்பவர்களிடம் காரைக் கொடுக்கவே கொடுக்காதீர்கள்.

அப்புறம் பெட்ரோல். நாக்கிங்கை அதிகம் தாங்கும் 100 ஆக்டேன் பெட்ரோல் போட்டு டியூன் செய்த காரில், வெளியூர் போகும் வழியில் கிடைத்த சாதாரண பெட்ரோலை நிரப்பினால் அந்த டைமிங் தாங்காது. தினமும் எதைப் போடுவீர்களோ அதில்தான் டியூன் செய்ய வேண்டும். வெயிலும் அப்படித்தான். காலைக் குளிர்ச்சியில் டைனோவில் (பவரை அளக்கும் கருவி) ஒரே ஓட்டம் ஓட்டிச் சரி என்று சொல்லிவிடுவார்கள். மே மாதத்து டிராஃபிக்கில் இன்டர்கூலர் (டர்போ அனுப்பும் காற்றைக் குளிர்விக்கும் பகுதி) சூடேறிய பிறகும் அது சரியாக இருக்குமா என்பதுதான் கேள்வி. காற்றின் சூட்டுக்கு ஏற்ப டைமிங்கைக் குறைக்கும் டேபிளில் கை வைக்காதீர்கள்.

அட்வான்ஸைக் குறைவாக வைத்துத் தொடங்கி, ஒரு டிகிரி ஒரு டிகிரியாக ஏற்றுங்கள். டார்க் ஏறுவது நின்றாலோ நாக்கிங் தலைகாட்டினாலோ, அங்கிருந்து ஒன்றிரண்டு டிகிரி பின்வாங்கிவிட வேண்டும். பூஸ்ட், பெட்ரோல் கலவை, டைமிங் மூன்றையும் ஒரே நேரத்தில் மாற்றினால் எது கெடுத்தது என்று தெரியாது. உச்ச டார்க் வரும் ஆர்பிஎம்மில்தான் சிலிண்டருக்குள் அழுத்தம் அதிகம், அங்கே கஞ்சத்தனமாகவே இருங்கள். மேல் ஆர்பிஎம்மில் கொஞ்சம் கூட்டலாம்.

பயத்தில் டைமிங்கை ஒரேயடியாக ரிட்டார்ட் செய்வதும், அதாவது பின்னால் தள்ளுவதும் தவறுதான். கலவை தாமதமாக எரிந்தால் சூடு எக்ஸாஸ்ட்டுக்குப் போய் டர்போவின் டர்பைனை வாட்டும்.

டைமிங்கால் தீராத ஒன்றும் உண்டு. 1,500 முதல் 2,000 ஆர்பிஎம்முக்குள் மேல் கியரில் ஆக்ஸிலரேட்டரை முழுதாக அமுக்கும்போது, பொறி விடுமுன்பே கலவை பற்றிக்கொள்ளலாம். சிலிண்டருக்குள்ளேயே பெட்ரோலைப் பீய்ச்சும் நேரடி இன்ஜெக்‌ஷன் உள்ள சின்ன டர்போ இன்ஜின்களில் இது அதிகம். டைமிங்கை எவ்வளவு பின்னால் தள்ளினாலும் நிற்காது. அந்த இடத்தில் மேப்பில் டார்க்கைக் குறைக்க வேண்டும். ஆயில் வாங்கும்போது, கார் கம்பெனி சொன்ன தரத்தோடு அமெரிக்கப் பெட்ரோலியக் கழகத்தின் ஏபிஐ எஸ்பி என்ற குறியும் இருக்கிறதா என்று பாருங்கள். 2020-இல் வந்த இந்தத் தரத்தில் இந்தக் கோளாறுக்கான சோதனையும் உண்டு.