தெருவில் தேங்கும் தண்ணீருக்கும் குழாயில் வராத தண்ணீருக்கும் அரசு நிதி கேட்பது எப்படி: வடசென்னைக்கு ஒரு கையேடு

வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை, எர்ணாவூர், மணலி எங்கிருந்து போனாலும் மனுவில் பெரும்பாலும் ஒரே வரிதான் இருக்கும்: ‘எங்கள் தெருவில் மழைநீர் தேங்குகிறது, கால்வாய் கட்டித் தரவும்.’ இதை வாங்கும் உதவிப் பொறியாளருக்கு மூன்று விஷயங்கள் தெரியாது. தண்ணீர் எங்கே போய்ச் சேர வேண்டும், அந்த இடம் எந்தத் துறையுடையது, எந்த நிதியில் செய்ய வேண்டும். மூன்றையும் அவர்தான் தேட வேண்டும் என்றால் கோப்பு நகராது. தேடிக் கொடுத்துவிட்டால் அதே மனு எஸ்டிமேட் ஆகும்.

முதலில் கடைசி முனைக்குப் போங்கள்

தெருவிலிருந்து தொடங்காதீர்கள். தண்ணீர் வடிந்து முடியும் இடத்திலிருந்து பின்னோக்கி நடந்து வாருங்கள். வடசென்னையில் அந்த இடம் பெரும்பாலும் பக்கிங்காம் கால்வாய், ஓட்டேரி நல்லா, கேப்டன் காட்டன் கால்வாய், கொடுங்கையூர் கால்வாய், புழல் உபரிநீர்க் கால்வாய், கொசஸ்தலையாறு ஆகியவற்றில் ஒன்றாக இருக்கும். தெருவோர மழைநீர் வடிகால் மாநகராட்சியுடையது. ஆறும் பக்கிங்காம் கால்வாயும் புழல் உபரிநீர்க் கால்வாயும் நீர்வளத் துறையுடையவை. இருப்புப்பாதைக்குக் கீழே தண்ணீர் போகும் கல்வெர்ட் (சிறுபாலம்) தெற்கு ரயில்வேயுடையது. பெரிய சாலையை ஒட்டிய வடிகால் நெடுஞ்சாலைத் துறையிடம் இருக்கலாம். குடிநீர்க் குழாயும் கழிவுநீர்க் குழாயும் மெட்ரோ வாட்டர் எனப்படும் சென்னைக் குடிநீர் வாரியத்துடையவை.

ஒரு தெருத் தண்ணீர் நான்கு துறைகளைக் கடந்து போவது இங்கே சாதாரணம். கல்வெர்ட் அடைத்துக் கிடக்கும்போது அதற்கு மேல்புறம் புதுக் கால்வாய் கட்டினால், காங்கிரீட் பெட்டிக்குள் தண்ணீர் நிற்குமே தவிர வடியாது. அதனால் நடந்து வரும்போது ஒவ்வொரு இணைப்பையும் போட்டோ எடுத்து, ஒரு வெள்ளைத்தாளில் கோடு போட்டு, எது யாருடையது என்று எழுதுங்கள். மனுவோடு போகும் முதல் இணைப்பு இந்தப் படம்தான்.

அளவு இல்லாத மனு நிற்காது

மழை நாளில் தண்ணீர் நிற்கும்போதே மூன்று இடங்களில் ஸ்கேலை வைத்து ஆழம் பாருங்கள். ‘முட்டளவு’ என்று எழுதினால் யாருடைய முட்டு என்ற கேள்வி வரும். ‘38 செ.மீ., மாலை 5 மணி. மறுநாள் காலை 7 மணிக்கு 31 செ.மீ.’ என்று எழுதினால் தண்ணீர் எவ்வளவு மெதுவாக வடிகிறது என்பது கணக்காகவே தெரிந்துவிடும். எண்ணூர் பக்கம் இருப்பவர்கள் கடல் ஏற்றம், வற்றம் நேரத்தையும் பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள். ஏற்றத்தின்போது கால்வாயிலிருந்து தண்ணீர் தெருவுக்குத் திரும்பி வந்தால், உங்களுக்குத் தேவை இன்னொரு கால்வாய் அல்ல. தெரு வடிகால் கால்வாயில் சேரும் வாயில் ஷட்டரும் பம்பும்தான்.

அடுத்து மட்டம். கொத்தனார்கள் வைத்திருக்கும் டியூப் லெவல் போதும். 25 மீட்டர் தெளிவான பிளாஸ்டிக் குழாயில் குமிழி இல்லாமல் தண்ணீர் நிரப்பி, ஆளுக்கு ஒரு முனையாக ஸ்கேலோடு இருவர் நில்லுங்கள். குழாயில் தண்ணீர் நிற்கும் மட்டத்துக்கும் தரைக்கும் எவ்வளவு இடைவெளி என்பதை இரு முனையிலும் படித்துக் கழித்தால் சரிவு கிடைக்கும். இருபது மீட்டருக்கு ஒரு முறை நகர்த்திக்கொண்டே போனால் 200 மீட்டர் தெரு ஒரு காலையில் முடிந்துவிடும். ஆயிரத்துக்கு ஒன்று என்ற சரிவில் 200 மீட்டருக்கு வெறும் 20 செ.மீ. இறக்கம்தான் கிடைக்கும். வடசென்னை அவ்வளவு தட்டையான தரை. கால்வாயின் அடித்தளம் ஒரு முனையில் 10 செ.மீ. தவறினால் பாதிச் சரிவு போய்விடும்.

கால்வாய்க்கு எவ்வளவு கொள்ளளவு வேண்டும் என்பதையும் நீங்களே தோராயமாகப் போடலாம். பரப்பை ஹெக்டேரிலும், மழையை ஒரு மணிக்கு எத்தனை மில்லிமீட்டர் என்றும் எடுத்துப் பெருக்குங்கள். வீடும் சிமெண்டும் நிறைந்த பகுதி என்பதால் 0.8-ஆல் பெருக்கி, 360-ஆல் வகுத்தால் நொடிக்கு எத்தனை கன மீட்டர் என்று வரும். 200 மீட்டர் நீளம், இருபக்க வீடுகளும் சேர்த்து 50 மீட்டர் அகலம் என்றால் ஒரு ஹெக்டேர். மணிக்கு 60 மி.மீ. மழைக்கு நொடிக்கு சுமார் 133 லிட்டர் வரும்.

60 செ.மீ. அகலக் கால்வாயில் 50 செ.மீ. ஆழத்துக்குத் தண்ணீர் ஓடினால், அந்த ஆயிரத்துக்கு ஒன்று சரிவில் நொடிக்கு ஏறக்குறைய 200 லிட்டர் கடத்தும். போதும். அதே கால்வாயில் 25 செ.மீ. வண்டல் படிந்துவிட்டால் 85 லிட்டருக்கும் கீழே இறங்கிவிடும். போதாது. பாதி மண் நிரம்பினால் பாதியளவு தண்ணீராவது போகும் என்று நினைப்பது தவறு. பாதியைவிடக் குறைவாகத்தான் போகும். பல தெருக்களில் கேட்க வேண்டியது புதுக் கால்வாய் அல்ல, தூர்வாருதலும் வண்டல் தொட்டியும்தான் (மண்ணைப் பிடித்து வைக்கும் குழி) என்பது இந்தக் கணக்கிலேயே தெரிந்துவிடும். அதற்குச் செலவும் குறைவு, நிதியும் சீக்கிரம் கிடைக்கும்.

எந்தப் பணம் எதற்கு

பெரிய பணத்திலிருந்து தொடங்குவோம். கொசஸ்தலையாறு வடிநிலத்துக்கான ஒருங்கிணைந்த மழைநீர் வடிகால் திட்டம் 3,220 கோடி ரூபாய் மதிப்பில் வந்தது. இதற்காக ஆசிய வளர்ச்சி வங்கி 2021-இல் 25.1 கோடி டாலர் கடன் ஒப்புக்கொண்டது. 588 கி.மீ. புது வடிகால், 175 கி.மீ. பழையதைச் சீரமைத்தல் அல்லது மாற்றுதல் என்பது இலக்கு. இப்படிப்பட்ட திட்டத்தில் தெருப் பட்டியல் ஆரம்பத்திலேயே முடிவாகிவிடும், நடுவில் புதுத் தெருவைச் சேர்ப்பது கடினம். ஆகவே முதலில் கேட்க வேண்டியது ‘எங்கள் தெரு எந்த ஒப்பந்தத் தொகுப்பில் இருக்கிறது, விடுபட்டிருந்தால் என்ன காரணம்’ என்பதுதான். கடன் திட்டங்களுக்கெனத் தனிக் குறைதீர் முறை இருந்தே ஆக வேண்டும். வேலை நடக்கும்போது வீட்டுக்குப் பாதை இல்லை, இணைப்பு உடைந்தது போன்ற புகார்களை அங்கே பதிவு செய்யுங்கள்.

2024 மார்ச்சில் தொடங்கிய வடசென்னை வளர்ச்சித் திட்டம் 4,181 கோடி ரூபாயில் 219 பணிகளோடு வந்தது. குடிநீர், கழிவுநீர், கால்வாய் எல்லாம் அதில் உண்டு. பல துறைகளை சி.எம்.டி.ஏ. (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) ஒருங்கிணைக்கிறது. நான்கு துறைகளைக் கடக்கும் உங்கள் படத்துக்குப் பொருத்தமான இடம் இது.

ஒன்றிய அரசுப் பக்கம், 2023 டிசம்பர் புயலுக்குப் பிறகு சென்னை வடிநில வெள்ள மேலாண்மைக்காக 561.29 கோடி ரூபாய் திட்டம் தேசியப் பேரிடர் தணிப்பு நிதியில் ஒப்புதல் பெற்றது. அதில் 500 கோடி ஒன்றிய உதவி. குடிநீருக்கு அம்ருத் 2.0 என்ற ஒன்றிய அரசின் நகரத் திட்டம். பத்து லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை உள்ள நகரங்களில் ஒன்றியத்தின் பங்கு 25 சதவீதம்தான், மீதியை மாநிலமும் வாரியமும் போட வேண்டும். ‘டெல்லியிலிருந்து பணம் வந்தால் செய்வோம்’ என்ற பதில் வந்தால், மீதிப் பங்குக்கு ஒதுக்கீடு ஆகிவிட்டதா என்று கேளுங்கள்.

சிறு பணிக்கு இதெல்லாம் தேவையில்லை. எம்.எல்.ஏ. தொகுதி நிதி ஆண்டுக்கு 3 கோடி, எம்.பி. நிதி 5 கோடி. கவுன்சிலரின் வார்டு மேம்பாட்டு நிதி 2025-26 மாநகராட்சி பட்ஜெட்டில் 60 லட்சமாக உயர்ந்தது. வண்டல் தொட்டி, உடைந்த மூடி, முப்பது மீட்டர் விடுபட்ட இணைப்பு ஆகியவற்றுக்கு வார்டு நிதியே சரி. முழுத் தெருவுக்கும் அதில் கேட்டால் வார்டின் மற்ற தெருக்களுக்கு ஒன்றும் மிஞ்சாது, கவுன்சிலர் தயங்குவது நியாயம்தான். குடியிருப்போர் சங்கமோ உள்ளூர்த் தொழிற்சாலையோ குறைந்தது மூன்றில் ஒரு பங்கு போடத் தயாராக இருந்தால் ‘நமக்கு நாமே’ திட்டம் இருக்கிறது. குளம் தூர்வாருவதற்கும் இதில் கேட்கலாம், அதற்கான பங்கு எவ்வளவு என்று முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள். பங்குத்தொகையைத் தனி ஆளிடம் கொடுக்காதீர்கள். உரிய அலுவலகத்தில் செலுத்தி ரசீது வாங்குங்கள்.

எப்போது, யாரிடம்

மாநகராட்சி பட்ஜெட் பிப்ரவரி, மார்ச் வாக்கில் வரும். மழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை. டிசம்பர் கடைசிக்குள், ஈரம் காயும் முன்பே, அளவுகளோடு மனு மண்டல அலுவலகத்துக்குப் போக வேண்டும். மே மாதம் கொடுத்தால் டெண்டர் ஜூலையில் வரும், வேலை ஆகஸ்டில் தொடங்கும், பருவமழைக்காகச் சாலை வெட்டத் தடை வந்ததும் பாதியில் நிற்கும். மூடாத பள்ளத்தோடு மழையைச் சந்திப்பது கால்வாயே இல்லாததைவிட ஆபத்து.

மனு ஒரு பக்கம் போதும். இடமும் நீளமும், ஆழ அளவுகள், மட்ட அளவுகள், கடைசி முனையின் படம், கேட்கும் பணி, பொருந்தும் நிதி, பாதிக்கப்படும் வீடுகளின் எண்ணிக்கை. பொறியாளருக்கு ஒன்று, மண்டல அலுவலருக்கு ஒன்று, கவுன்சிலருக்கு ஒன்று. தேதி முத்திரை இல்லாத நகலை வீட்டுக்கு எடுத்து வராதீர்கள். ஏரியா சபைக் கூட்டம் (வார்டுக்குள் பகுதிவாரியாக நடக்கும் மக்கள் கூட்டம்) நடக்கும்போது அதே கோரிக்கையைச் சொல்லி, கூட்டக் குறிப்பில் ஏறியதா என்று பார்த்துவிட்டு எழுந்திருங்கள். மாநகராட்சியின் 1913 என்ற தொலைபேசி எண்ணில் பதிவு செய்த புகார்களின் எண்கள் நீண்ட காலப் பிரச்சினைக்குச் சாட்சி. அவற்றையும் மனுவில் எழுதுங்கள்.

குடிநீர்க் கோரிக்கை

கணக்கு எளிது. ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது நகரக் குடிநீர்த் திட்டங்களின் அளவுகோல். 80 வீடு, வீட்டுக்குச் சராசரி 4.5 பேர் என்றால் 48,600 லிட்டர். உங்கள் தெருவில் எத்தனை நிமிடம் தண்ணீர் வருகிறது, ஒரு குடம் நிரம்ப எத்தனை நொடி ஆகிறது என்று தெருவின் தொடக்கம், நடு, கடைசி மூன்று வீடுகளில் ஒரு வாரம் குறியுங்கள். தொடக்கத்தில் நன்றாக வந்து கடைசியில் நின்றுபோனால், அடைப்போ குறுகிய பழைய குழாயோ நேரடி மோட்டாரோ காரணம். மோட்டார் போட்டு மெயின் லைனிலிருந்து இழுக்கும்போது பக்கத்துக் கழிவுநீர் விரிசல் வழியாக உள்ளே வரும். குழாய்த் தண்ணீர் நாறுவதற்கு ஒரு முக்கியக் காரணம் இது. குழாய்முனையில் லிட்டருக்கு 0.2 மி.கி. குளோரின் மிச்சம் இருக்க வேண்டும். சோதித்துக் காட்டச் சொல்லுங்கள்.

ஒவ்வொரு மாதமும் இரண்டாம் சனிக்கிழமை காலை 10 முதல் 1 வரை மெட்ரோ வாட்டர் பகுதி அலுவலகங்களில் குறைதீர் கூட்டம் உண்டு. குறிப்பேட்டோடு போங்கள். அவசரத்துக்கு 1916.

கோப்பு எங்கே நிற்கிறது

மதிப்பீடு, நிர்வாக அனுமதி, தொழில்நுட்ப அனுமதி, தேவைப்பட்டால் மாமன்றத் தீர்மானம், டெண்டர், பணி ஆணை என்பதுதான் வரிசை. ‘பரிசீலனையில் உள்ளது’ என்று சொன்னால் இதில் எந்தப் படி என்று கேளுங்கள். டெண்டர் விளம்பரத்திலிருந்து ஒப்பந்தப்புள்ளி தர 2 கோடி வரை குறைந்தது 15 நாள், அதற்கு மேல் 30 நாள் என்பது தமிழ்நாட்டு விதி. அரசின் டெண்டர் இணையதளத்தில் யாரும் பார்க்கலாம்.

பதில் வராவிட்டால் 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டித் தகவல் உரிமை மனு. ‘ஏன் செய்யவில்லை’ என்று கேட்காதீர்கள், அது தகவல் அல்ல. மதிப்பீட்டின் நகல், பணி ஆணையின் நகல், அளவுப் புத்தகத்தின் (செய்த வேலையின் அளவை எழுதும் பதிவேடு) குறிப்பிட்ட பக்கங்கள் என்று ஆவணத்தைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். 30 நாளில் பதில் வரவில்லையென்றால் அடுத்த 30 நாளில் முதல் மேல்முறையீடு. பணியை நேரில் பார்வையிடவும், பயன்படுத்திய பொருளின் மாதிரி பெறவும் அதே சட்டத்தின் 2(ஜே) பிரிவு உரிமை தருகிறது. பலர் இதைப் பயன்படுத்துவதில்லை என்பது வருத்தம்.

வேலை தொடங்கிய பிறகு

வரிசை முக்கியம்: ஆழத்தில் போகும் கழிவுநீர்க் குழாய் முதலில், பிறகு குடிநீர், பிறகு மழைநீர் வடிகால், கடைசியில் சாலை. மாற்றிச் செய்தால் புதுக் கால்வாயின் சுவரைத் துளைத்துக் குடிநீர்க் குழாயைக் கொண்டுபோவார்கள். அந்தக் குழாயில் பிளாஸ்டிக் கவர் சிக்கி ஒரே மழையில் அடைப்பு வரும், குழாய் ஓட்டையானால் சாக்கடை குடிநீரில் கலக்கும். தோண்டும் முன் வீட்டு இணைப்புகளின் பட்டியலைப் பொறியாளரிடம் எழுத்தில் கொடுங்கள்.

இங்கே நிலத்தடி நீர் மேலேயே இருப்பதால் பள்ளத்தில் தண்ணீர் ஊறிக்கொண்டே இருக்கும். பம்பு வைத்து இறைக்காமல் காங்கிரீட் போட்டால் சிமெண்டுப் பால் கழுவிப் போய் ஜல்லி மட்டும் நிற்கும். அன்றே போட்டோ எடுங்கள், மூடிய பிறகு எதையும் காட்ட முடியாது. காங்கிரீட்டின் வலிமையைச் சோதிக்க 150 மி.மீ. கியூப் மாதிரி எடுத்தார்களா, 28 நாள் சோதனை முடிவு என்ன என்று கேளுங்கள். மூடி போடும் முன் உங்கள் டியூப் லெவலால் அடித்தளத்தின் இரு முனைகளையும் ஒரு முறை அளந்துவிடுங்கள். தண்ணீர் இறங்கும் வாய் சாலையைவிடத் தாழ்ந்திருக்க வேண்டும். பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் மேலேயே புதுத் தார் போட்டால் தெரு உயர்ந்து, தண்ணீர் வீட்டுக்குள்தான் இறங்கும்.

இறுதிப் பில் போகும் முன் விடுபட்ட இணைப்பு, உடைந்த மூடி, வராத வண்டல் தொட்டி எல்லாவற்றையும் எழுதிக் கொடுங்கள். பணி ஆணையில் குறைபாட்டுப் பொறுப்புக் காலம் (குறை வந்தால் ஒப்பந்ததாரரே சரிசெய்து தர வேண்டிய காலம்) எத்தனை மாதம் என்று பார்த்து, அது முடிவதற்குள் வரும் ஒவ்வொரு ஆகஸ்டிலும் மூடியைத் திறக்கச் சொல்லி வண்டல் எத்தனை செ.மீ. என்று ஸ்கேலால் அளந்து, தேதியோடு அதே பொறியாளரிடம் கொடுங்கள்.