மூடி போட்ட டின்னில் சாண்ட்விச் பிரெட்

நாலு பக்கமும் சதுரமாக, மெல்லிய ஓட்டுடன் பிரெட் வர வேண்டுமா? முதலில் டின் எவ்வளவு கொள்ளும் என்று பாருங்கள். உள்ளே ஒரு பிளாஸ்டிக் பையை விரித்து, விளிம்பு வரை தண்ணீர் ஊற்றி அளந்துவிடலாம் (பை இல்லாவிட்டால் மடிப்புகளில் ஒழுகும்). வந்த மில்லிலிட்டரை 4-ஆல் வகுத்தால், போட வேண்டிய பிசைந்த மாவின் எடை கிராமில் கிடைத்துவிடும். 2,400 மி.லி. டின்னுக்கு 600 கிராம். குறைந்தால் மேல்பக்கம் மூடியைத் தொடாது, கூடினால் பிரெட் இறுகிப்போகும்.

மூடியின் உட்புறத்திலும் வெண்ணெய் தடவ மறக்காதீர்கள். டின்னில் மாவு உப்பி, விளிம்புக்கு ஒன்றரை சென்டிமீட்டர் கீழே வந்ததுமே மூடிவிட வேண்டும். இங்கே கடிகாரத்தை நம்பாதீர்கள். வெயில் காலத்தில் சட்டென்று ஏறிவிடும்.

190 டிகிரியில் சுமார் 35 நிமிடம். மூடி நகர மறுத்தால் இழுக்காதீர்கள், இன்னும் ஐந்து நிமிடம் வேகட்டும். வெந்ததும் டின்னை மேடையில் ஒரு தட்டு தட்டி, பிரெட்டை உடனே வெளியே எடுத்துவிடுங்கள். உள்ளேயே விட்டால் ஆவி தங்கி, பக்கங்கள் உள்வாங்கிவிடும்.

அப்புறம் அதன் மேல்விளிம்பைப் பாருங்கள். லேசாக உருண்டு, ஓரத்தில் வெளிறிய கோடு தெரிந்தால் பதம் சரி. கத்தி போலக் கூர்மையாக இருந்தால் மாவு அதிகம் பொங்கிவிட்டது. அடுத்த முறை கொஞ்சம் முன்னதாக மூடுங்கள். நன்றாக ஆறிய பிறகே நறுக்குங்கள், துண்டுகள் பிசுபிசுக்காது.